நீலம் மாறாத வரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குச் சொந்த பிராண்டு கிடையாது. யார் யாரோ பெயர் போட்டு விற்கும் க்ரீமையும் சீரத்தையும் நாங்கள் கலக்கி, பாட்டிலில் அடைத்து அனுப்புகிறோம். வருகிற மூலப்பொருட்களில் முக்கால்வாசி வெள்ளைப் பொடி. மிச்சம் நிறமில்லாத திரவம். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டால் நியாசினமைடு எது, அலன்டாயின் எது என்று எனக்கே கண்ணால் பார்த்துச் சொல்ல வராது. காப்பர் பெப்டைடை மட்டும் யாரும் மாற்றி எடுக்க முடியாது. அலுமினியத் தாள் பையில், கிராம் கணக்கில் வரும். ஃப்ரிட்ஜில்தான் வைப்போம். பையைப் பிரித்தால் ஊதா கலந்த நீலம். தராசுத் தட்டில் ஒரு சிட்டிகை சிந்திவிட்டால் துடைக்கிற ஈரத்துணி முழுக்க நீலமாகிவிடும்.

புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் அதைப் பார்த்ததும், "இது மயில்துத்தம்தானே மேடம்?" என்பார்கள். சுண்ணாம்போடு கலந்து பூஞ்சைக்கு அடிக்கிற போர்டோ கலவையை ஊரில் பார்த்திருப்பார்கள். கேள்வியில் தப்பில்லை. இரண்டுக்கும் நீலத்தைக் கொடுப்பது ஒரே உலோகம், செம்பு. ஆனால் மயில்துத்தத்தைத் தண்ணீரில் போட்டால் செம்பு அயனி கட்டவிழ்ந்து திரியும். அதை முகத்தில் தடவினால் எரிச்சல்தான் மிச்சம். எங்கள் பொடியில் அப்படி இல்லை. மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு சின்னத் துண்டு, செம்பைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி விடாதவரைதான் அது காப்பர் பெப்டைடு. கடையில் பார்த்து வாங்குவது, எதோடு சேர்க்கலாம், எதோடு கூடாது, எங்கே வைப்பது என்று இதைப் பற்றிக் கேட்கப்படுகிற கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலேயே விடை இருக்கிறது.

அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் கோத்துக்கொண்டால் புரதம். சில மட்டும் கோத்தால் பெப்டைடு. இதில் இருப்பவை கிளைசின், ஹிஸ்டிடின், லைசின். ஆய்வகத்தில் சுருக்கமாக ஜி.எச்.கே. என்போம். செம்போடு சேர்ந்தால் ஜி.எச்.கே.-சி.யு. பாட்டிலின் பின்பக்கம் 'காப்பர் ட்ரைபெப்டைடு-1' என்று அச்சடித்திருப்பார்கள். இது மனித ரத்தத்திலேயே இருக்கிற பொருள். அமெரிக்காவில் லாரன் பிகார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1973-இல் இதைப் பற்றி எழுதினார். அழகுக்கும் அவருடைய ஆராய்ச்சிக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கல்லீரல் செல்களை. வயதானவர்களின் கல்லீரல் திசுவை இளையவர்களின் ரத்தப் பிளாஸ்மாவில் வைத்தால் அது இளம் திசு மாதிரி வேலை செய்வதைக் கவனித்து, பிளாஸ்மாவில் எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்த மூன்று அமினோ அமிலத் துண்டு. அது செம்பைச் செல்லுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைச் செய்யலாம் என்று 1980-இல் எழுதினார். 20 வயதில் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் 200 நானோகிராம் அளவில் இருக்கும் ஜி.எச்.கே., 60 வயதில் 80-க்கு இறங்கிவிடுகிறது என்பது அவர் சொன்ன கணக்கு. இன்றைக்கு வருகிற எல்லா விளம்பரத்திலும் இந்த இரண்டு எண்களைப் பார்க்கலாம். பிகார்ட் பின்னாளில் இதை வைத்து நிறுவனமும் தொடங்கினார், பொருளும் விற்றார். அதனால் அவருடைய வேதியியல் பொய்யாகிவிடாது. ஆனாலும் அவர் எழுதிய ஆய்வுத் தொகுப்புகளைப் படிக்கும்போது இதை ஒரு ஓரமாக நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

தோலுக்குச் செம்பு எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி ஆடுதான். ஆஸ்திரேலியாவில் செம்புச் சத்துக் குறைந்த மண்ணில் மேய்ந்த செம்மறிகளின் கம்பளி, சுருள் இழந்து கம்பி மாதிரி வளர்ந்தது. மெல்போர்னில் குழந்தை மருத்துவராக இருந்த டேவிட் டேங்க்ஸ், மென்கிஸ் நோய் என்ற அபூர்வமான பிறவி நோய் வந்த குழந்தைகளின் தலைமுடியைப் பார்த்தபோது அந்தக் கம்பளிதான் அவர் நினைவுக்கு வந்தது. குழந்தைகளின் உடலில் செம்பு குறைவாக இருப்பதை 1972-இல் அவரும் அவருடைய சகாக்களும் நிறுவினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு முடி மட்டும் கெடுவதில்லை. தோல் தொளதொளவென்று தொங்கும். ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும்.

காரணம் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளையும், இழுத்தால் மீண்டும் பழையபடி ஆகவைக்கும் எலாஸ்டின் இழைகளையும் குறுக்கே பிணைத்துக் கட்டுவது அதன் வேலை. செம்பு இல்லாமல் அந்த நொதி வேலை செய்யாது. ஆக, செம்புக்கும் தோலின் கட்டுறுதிக்கும் உள்ள உறவு விளம்பரக்காரர்கள் இட்டுக்கட்டியது இல்லை. ஆனால் சாதாரணமாகச் சாப்பிடுகிற ஒருவருக்குச் செம்புக் குறைபாடு வருவது அரிது. எள், முந்திரி, பருப்பு, ஈரல் எல்லாவற்றிலும் செம்பு உண்டு. ஏற்கெனவே போதுமான செம்பு உள்ள தோலில் வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் தடவினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதற்கு ஆடு பதில் சொல்லாது.

பதிலின் முதல் பகுதி பிரான்சிலிருந்து வந்தது. ரேம்ஸ் நகரில் மக்கார் என்பவரின் குழு 1988-இல், தோலில் கொலாஜனைத் தயாரிக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தட்டில் வளர்த்து, அதில் ஜி.எச்.கே.-சி.யு.வைச் சேர்த்தது. நம்ப முடியாத அளவு சின்ன அளவிலேயே செல்கள் கூடுதலாகக் கொலாஜன் செய்தன. அதே ரேம்ஸ் குழுவினர் பிறகு இன்னொன்றையும் கண்டார்கள்: பழைய இழைகளை அறுத்து அகற்றுகிற எம்.எம்.பி.-2 என்ற நொதியையும் இது கூட்டுகிறது. இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி எந்த விளம்பரமும் மூச்சு விடுவதில்லை. புண் ஆறும்போது பழையதை அகற்றுவதும் புதியதைக் கட்டுவதும் சேர்ந்தேதான் நடக்கவேண்டும்; ஆகவே இது குறை இல்லை. ஆனால் 'நிறையப் போட்டால் நிறையப் பலன்' என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தட்டில் வளரும் செல்லுக்கு மேல்தோல் கிடையாது, நமக்கு உண்டு. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு மேல்தோலைத் தாண்டுவது கடினம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. இது 403-க்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் தண்ணீரில் கரைகிற பொருள் என்பதால் எண்ணெய்ப் பசையுள்ள மேல்தோலை அவ்வளவு சுலபமாகக் கடக்காது. உடலிலிருந்து பிரித்தெடுத்த மனிதத் தோல் துண்டுகளில் செய்த சோதனைகளில், கொஞ்சம் செம்பு உள்ளே போகிறது, கொஞ்சம் தோலிலேயே தேங்கி நிற்கிறது என்று தெரிந்தது.

மனிதர்களிடம் நடத்திய சோதனைகளோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 2002-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் மாநாட்டில், 71 பெண்கள் 12 வாரம் காப்பர் பெப்டைடு க்ரீமைத் தடவியதில் தளர்ச்சியும் மெல்லிய கோடுகளும் குறைந்ததாக ஒரு குழு அறிவித்தது. இன்னொரு சிறு ஆய்வில் தொடைத் தோலில் தடவிப் பார்த்தபோது, காப்பர் பெப்டைடு தடவியவர்களில் 70 சதவீதத்தினரிடமும், வைட்டமின் சி தடவியவர்களில் 50 சதவீதத்தினரிடமும், ரெட்டினால் குடும்பத்து மருந்தான ட்ரெட்டினாயின் தடவியவர்களில் 40 சதவீதத்தினரிடமும் கொலாஜன் உற்பத்தி கூடியிருந்தது. இதைக் காட்டித்தான் "ரெட்டினாலையே மிஞ்சியது" என்று விற்கிறார்கள். 2006-இல் வந்த ஆய்வை அவர்கள் காட்டமாட்டார்கள். லேசர் சிகிச்சை எடுத்த 13 பேரில் சிலருக்கு இதைக் கொடுத்து, யாருக்குக் கொடுத்தது என்று தெரியாத மருத்துவர்களை விட்டு மதிப்பிடச் சொன்னார்கள். சிவப்பிலும் சுருக்கத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. தடவியவர்களுக்கு மட்டும் திருப்தி கூடுதல்!

என் கணிப்பைச் சொல்கிறேன். ட்ரெட்டினாயினுக்குப் பின்னால் பல பத்தாண்டுச் சான்று இருக்கிறது. சன்ஸ்கிரீனுக்கு அதைவிட உறுதியான சான்று இருக்கிறது. காப்பர் பெப்டைடு அந்த வரிசையில் இன்னும் உட்காரவில்லை. நியாயமான காரணமும் நம்பிக்கை தரும் ஆரம்பமும் உள்ள பொருள், அவ்வளவுதான். எரிச்சல் குறைவு என்பது அதன் பெரிய பலம். ரெட்டினால் ஒத்துக்கொள்ளாத தோல்காரர்களுக்கு இதைச் சொல்ல நான் தயங்குவதில்லை. தினமும் வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு சன்ஸ்கிரீன் போடாதவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

இனி எங்கள் கலவை அறைக்கு வாருங்கள். சீரம் தயாரிக்கும்போது தண்ணீர், கிளிசரின், ஹயலுரானிக் அமிலம் எல்லாம் கலந்து, சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு, கடைசியாகத்தான் நீலப் பொடியைச் சேர்ப்போம். பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுவோம். அமிலம் கூடினால் பெப்டைடு தன் பிடியைத் தளர்த்தும், செம்பு கழன்றுகொள்ளும். அப்புறம் இ.டி.டி.ஏ. பல ஷாம்புகளிலும் க்ரீம்களிலும், தண்ணீரில் உள்ள உலோகத் துணுக்குகளைக் கட்டிப்போட்டுப் பொருள் கெடாமல் காக்க இதைச் சேர்ப்பது வழக்கம். காப்பர் பெப்டைடு உள்ள இடத்தில் இதைச் சேர்த்தால், நம் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துப் போன கதைதான். இ.டி.டி.ஏ.வின் பிடி பெப்டைடின் பிடியைவிட வலிமையானது. ஒரு வாடிக்கையாளர் தன் பழைய ஃபார்முலாவில் அப்படியே காப்பர் பெப்டைடையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டார். அதில் இ.டி.டி.ஏ. இருந்தது. மாதிரி செய்து காட்டினோம். நீலம் இருந்தது, ஆனால் அந்த ஊதாச் சாயல் போய் வெறும் வெளிறிய நீலமாகிவிட்டது. செம்பு பாட்டிலுக்குள்ளேயேதான் இருந்தது, ஆள் மாறிவிட்டது. அவருக்கு விளக்கிப் புரியவைப்பதற்குள் இரண்டு காபி ஆறிப்போனது.

நீங்கள் பாட்டில் வாங்கும்போது பின்பக்கம் 'டைசோடியம் இ.டி.டி.ஏ.' என்று இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அடுத்து விழுக்காடு. இந்தியாவில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை இறங்கு வரிசையில் அச்சிடவேண்டும். 1 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். காப்பர் பெப்டைடு பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கும். அதனால் பட்டியலில் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. அளவு வெளிப்படையாக எழுதியிருந்தால் கணக்குப் போடலாம். 30 மில்லி பாட்டிலில் 1 சதவீதம் என்றால் 300 மில்லிகிராம், 0.05 சதவீதம் என்றால் 15 மில்லிகிராம். இரண்டின் முகப்பிலும் 'காப்பர் பெப்டைடு சீரம்' என்றுதான் போட்டிருக்கும். 1 சதவீதம் உள்ளது கண்ணாடியில் பளிச்சென்று நீலமாகத் தெரியும். நிறமே இல்லாத திரவத்தை ஒருவர் அந்த விலைக்கு விற்றால் சந்தேகப்படலாம். சாயம் கலந்து நீலமாக்குகிற புத்திசாலிகளும் உண்டு; பட்டியலில் சி.ஐ. 42090 என்ற எண் இருந்தால் அது நீலச் சாயம்.

என் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மேசை டிராயர் நிறையப் பாட்டில். "அத்தை, வைட்டமின் சி இருக்கு, ரெட்டினால் இருக்கு, இப்ப இந்த நீல சீரமும் வந்துருச்சு. எதை எப்பப் போடறது?"

"வைட்டமின் சி-யைக் காலைல போடு, மேல சன்ஸ்கிரீன். நீலத்தை ராத்திரிக்கு வச்சுக்க. ரெண்டையும் ஒண்ணா மட்டும் போட்டுராத."

"ஏன், வெடிச்சிருமா?"

வெடிக்காது. அஸ்கார்பிக் அமில சீரம் பி.எச். 3.5 அளவில் இருக்கும். அந்தப் புளிப்பில் பெப்டைடின் பிடி தளரும். கழன்ற செம்பு வைட்டமின் சி-யை வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கும். இரண்டு பாட்டிலுக்கும் காசு கொடுத்து இரண்டையும் வீணாக்கியது மாதிரி ஆகும். கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்களுக்கும் இதே விதிதான். அவற்றை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம். ரெட்டினாலுக்கும் இதற்கும் வேதியியல் சண்டை கிடையாது. ஆனால் இரண்டையும் ஒரே ராத்திரியில் ஆரம்பித்தால், முகம் சிவக்கும்போது குற்றவாளி யார் என்று தெரியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போடலாம். நியாசினமைடு, ஹயலுரானிக் அமிலம், சாதாரண மாய்ஸ்சரைசர் எல்லாவற்றோடும் இது ஒத்துப்போகும்.

போடும் விதத்தில் பெரிய வித்தை எதுவுமில்லை. முதலில் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உள்பக்கமோ இரண்டு மூன்று நாள் தடவிப் பார்க்கவேண்டும். பிறகு வாரத்தில் மூன்று இரவு, முகம் கழுவித் துடைத்ததும் நாலு சொட்டு. அது காய்ந்ததும் மாய்ஸ்சரைசர். தொந்தரவு இல்லையென்றால் தினமும் போடலாம். தலையணை உறையில் நீலம் படியும் என்று பயப்படுபவர்கள் பத்து நிமிடம் கழித்துப் படுக்கட்டும். 12 வாரம் ஆகாமல் எதையும் முடிவு செய்யவேண்டாம். கொலாஜன் மாறுவதற்கு மாதங்கள் ஆகும். முதல் வாரத்தில் தெரிகிற பளபளப்பு கூட இருக்கிற கிளிசரினின் வேலை.

பாட்டிலைக் குளியலறை ஜன்னலில் வைக்காதீர்கள். கத்திரி வெயில் மாதங்களில் ஃப்ரிட்ஜ் கதவே உத்தமம். சீரம் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறினால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் குப்பையில் போடவேண்டியதுதான்.

நம் ஊர்ப் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி வேறு. "செம்பு போட்டா கறுத்துராதா?" இதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது: மெலனின் செய்கிற டைரோசினேஸ் நொதியும் செம்பு இல்லாமல் ஓடாது. ஆனால் அந்த நொதிக்குச் செம்பை ஊட்டுவது செல்லுக்குள்ளேயே இருக்கும் தனி ஏற்பாடு. வெளியே தடவியதைப் பார்த்து அது வேகம் எடுப்பதில்லை. மாநிறத் தோலை உண்மையில் கறுக்க வைப்பது எரிச்சல். எந்தப் பொருளையும் அவசரமாக, அளவுக்கு மீறிப் போட்டு முகம் சிவந்தால், அந்தச் சிவப்பு போன இடத்தில் மாதக்கணக்கில் கறுப்புத் திட்டு நிற்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீமை வருடக்கணக்கில் தடவி, தோல் மெலிந்துபோன முகத்தோடு வருபவர்களுக்கு எந்த சீரத்தையும் நான் சொல்வதில்லை. தோல் மருத்துவரிடம் போகச் சொல்வேன்.

உடம்பில் செம்பு கூடிவிடுமா என்றும் கேட்பார்கள். 1 சதவீத சீரம் என்றால், நாலு சொட்டில் ஏறக்குறைய 2 மில்லிகிராம் பெப்டைடு. அதில் செம்பு 0.3 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவது 1 முதல் 2 மில்லிகிராம். தடவியதில் சிறு பகுதிதான் உள்ளே போகிறது என்பதால் அந்தப் பயம் பொதுவாக வேண்டாம். உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளும் கேட்டுக்கொள்வது நல்லது. செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தாலே காப்பர் பெப்டைடின் பலன் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. செம்புப் பாத்திரம் தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லும் என்பது சோதித்துப் பார்த்த உண்மை. அந்தத் தண்ணீரில் ஜி.எச்.கே. கிடையாது.

இப்போது புதிதாக இரண்டு வழக்கங்கள் பரவுகின்றன. ஒன்று, ஆன்லைனில் இந்தப் பொடியை வாங்கி ஊசியாகப் போட்டுக்கொள்வது. இன்னொன்று, ஊசிமுனை ரோலரை முகத்தில் உருட்டிவிட்டு அதன் மேலேயே சீரத்தை ஊற்றுவது. நாங்கள் செய்கிற சீரம் கிருமி முற்றிலும் நீக்கப்பட்ட பொருள் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அழகுசாதனத்துக்கான சர்வதேசத் தரம் ஒரு கிராமில் 1,000 நுண்ணுயிர்கள் வரை அனுமதிக்கிறது. ஒவ்வொரு பேட்சையும் தட்டில் வளர்த்து எண்ணித்தான் அனுப்புகிறோம். முழுத் தோலின் மேல் அது ஒன்றும் செய்யாது. ஊசி போட்ட துளை வழியாக உள்ளே இறங்கினால், கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருளும் வாசனைப் பொருளும்கூடச் சேர்ந்துதான் இறங்கும். மருத்துவரிடம் மைக்ரோநீடிலிங் செய்துகொண்டவர்கள், அவர் சொல்கிற நாள் வரை நீல பாட்டிலைத் திறக்கவேண்டாம். வீட்டு ரோலரைப் பற்றிக் கேட்டால், தூக்கிப் போடுங்கள் என்பேன்.